பில் போடாமல் திரும்பிப் போனவர்கள்

நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் கடைகளில் ஒன்று, பைப்பும் ஃபிட்டிங்ஸும் விற்கும் கடை. மாதா மாதம் ஜிஎஸ்டி வேலைக்காகப் போகும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுத் தருவார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கொள்முதல் பில்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பிளம்பர் வந்தார். பைக்கை அணைக்கவில்லை, காலை மட்டும் ஊன்றிக்கொண்டு, "முக்கால் இஞ்ச் சிபிவிசி யூனியன் இருக்கா?" என்றார். (சிபிவிசி என்பது ஒரு வகை பிளாஸ்டிக் பைப், யூனியன் என்பது ரெண்டு பைப்பைக் கழற்றி மாட்டும்படி இணைக்கும் துண்டு.) கடைப் பையன் ரேக் பக்கம் திரும்பாமலே, "ஒரு இஞ்ச்தான் இருக்குண்ணே" என்றான். "சரி" என்று அவர் கிளம்பிவிட்டார். மொத்தம் பத்து விநாடி இருக்கும்.

கடை முதலாளி அந்த நேரத்தில் என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தார். "எதுத்தாப்புல புதுக் கடை வந்ததுலேர்ந்து வியாபாரம் படுத்துடுச்சு சார். அவன் விலையைக் குறைச்சு அடிக்கிறான், நான் எங்க போக?" பிளம்பர் வந்து போனதை அவர் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தாலும் ஒரு சின்னச் சாமான் போச்சு என்றுதான் நினைத்திருப்பார்.

ஆனால் ஒரே ஒரு யூனியன் வாங்க எந்தப் பிளம்பரும் பைக்கை எடுப்பதில்லை. அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கும். பைப் ரெண்டு நீளம், எல்போ பத்து, டீ நாலு, பால் வால்வு ஒன்று, சொல்யூஷன் ஒரு டப்பா, டெஃப்லான் டேப். அந்தச் சீட்டில் எது கிடைப்பது கஷ்டமோ அதைத்தான் முதலில் கேட்பார். அது இருக்கிற கடையில் மிச்சத்தையும் வாங்கிக்கொள்வார். அன்று காலை அந்தக் கடையை விட்டுப் போனது அந்த முழுச் சீட்டு. அடுத்த வாரம் வேறொரு வீட்டு வேலைக்கு அவர் இங்கே வந்து கேட்கப்போவதும் இல்லை, நேராக அங்கேதான் போவார்.

என் கணக்கில் இதற்கு இடமே கிடையாது. விற்றது, வாங்கியது, வாங்கித் திருப்பியது, கடனில் போனது, வராக் கடன் என்று எல்லாவற்றுக்கும் தலைப்பு உண்டு. வாசல்வரை வந்து திரும்பிய வியாபாரத்துக்குத் தலைப்பு கிடையாது. எனவே வருடக் கடைசியில் விற்பனை குறைந்தது தெரியும், ஏன் என்பது தெரியாது. அந்த "ஏன்" இருந்த இடத்தில் முதலாளி தன் மனதில் ஏற்கனவே இருப்பதை எழுதிக்கொள்வார். பெரும்பாலும் அங்கே எழுதப்படும் வார்த்தை, விலை.

இதே கதை மிகப் பெரிய அளவில் நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நோக்கியாவைச் சொல்கிறேன். அந்தக் கம்பெனி விழுந்ததற்கு எல்லோரும் ஐபோனையும் ஆண்ட்ராய்டையும் காரணம் காட்டுவார்கள். உலக அளவில் அது சரிதான். ஆனால் இந்தியாவில் அந்தக் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, அதுவும் பட்டன் போனில்.

2008 வாக்கில் இந்தியாவில் விற்ற செல்போன்களில் பாதிக்கு மேல் நோக்கியா. 2003-ல் வந்த 1100 மாடலை மறந்திருக்க மாட்டீர்கள். தலையில் டார்ச், தூசி புகாத கீபேட், வேர்த்த கையிலும் வழுக்காத பக்கவாட்டு. இந்த ஊர்ச் சாலை, இந்த ஊர் மின்வெட்டு, இந்த ஊர் லாரி டிரைவர் எல்லாவற்றையும் பார்த்துச் செய்த போன் அது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலையும் தொடங்கினார்கள். வாடிக்கையாளரைத் தெரியாத கம்பெனி என்று இவர்களை யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அடுத்து நடந்தது கவனிக்க வேண்டியது.

மாறியது போன் இல்லை, கால் ரேட். 2008 ஜனவரியில் மத்திய அரசு செல்போன் சேவை நடத்த 122 புதிய உரிமங்களைக் கொடுத்தது. (2012-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, அதே உரிமங்கள்.) புதுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்கின. 2009 ஜூனில் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று வந்தபிறகு மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். ஒரு கம்பெனியில் இரவில் பேச மலிவு, இன்னொன்றில் வெளியூருக்குப் பேசும் எஸ்டிடி மலிவு, வேறொன்றில் அதே கம்பெனி நம்பருக்குப் பேசினால் மலிவு. சிம் கார்டைக் கிட்டத்தட்ட சும்மாவே கொடுத்தார்கள். ஆனால் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரி 20-ல்தான். இடைப்பட்ட காலத்தில் மக்கள் என்ன செய்வார்கள்? எல்லோருக்கும் கொடுத்த பழைய நம்பரை விட முடியாது. புது சிம்மின் மலிவையும் விட மனசில்லை. ரெண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

அப்போது ஒரு போனில் சிம் மாற்றுவது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பின் மூடியை நகத்தால் நெம்பணும். பேட்டரியை எடுக்கணும். அதற்கு அடியில் இருக்கும் சிம்மை விரலால் தள்ளி வெளியே எடுத்து அடுத்ததை நுழைக்கணும். போனை ஆன் செய்தால் பல செட்டுகளில் தேதியும் நேரமும் புதிதாகப் போடச் சொல்லும். பேசி முடித்ததும் திரும்ப இதே வேலை. தினம் நாலு தடவை இப்படிச் செய்தால் மூடியின் கொக்கி உடைந்துபோகும், அப்புறம் ரப்பர் பேண்ட். பர்ஸுக்குள் சில்லறையோடு இன்னொரு சிம்மைப் போட்டு வைத்துத் தொலைத்தவர்கள் எத்தனை பேர்! நானும் ஒன்றைத் தொலைத்திருக்கிறேன்.

இந்தத் தொல்லைக்குப் பதில் முதலில் சென்னையின் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வந்தது. சைனா செட். ரெண்டு சிம்முக்கும் ஒரே நேரத்தில் சிக்னல் காட்டும். சிலதில் பச்சைப் பட்டனே ரெண்டு இருக்கும், ஒவ்வொரு சிம்முக்கும் ஒன்று. தைவானைச் சேர்ந்த மீடியாடெக், சிப்போடு மென்பொருள் உட்பட முக்கால்வாசி போனையே தயாராகக் கொடுத்துவிடும். வெளியே ஒரு கூடு போட்டால் போன். அதனால் சீனத்தின் சின்னச் சின்னப் பட்டறைகளால்கூட ரெட்டை சிம் போன் செய்ய முடிந்தது. தரம்? கீழே போட்டால் தீர்ந்தது. ஸ்பீக்கர் மட்டும் தெருவே கேட்கும். ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) இல்லாத செட்டுகளை 2009 டிசம்பரில் அரசு முடக்கியபோது அந்தச் சந்தையின் ஒரு பகுதி அடிபட்டது. ஆனால் ஜனங்களுக்கு எது வேண்டும் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மைக்ரோமேக்ஸ் போன்ற இந்தியக் கம்பெனிகள் வாரண்டியோடு, பில்லோடு, கொஞ்சம் நாகரிகமாக அதே வசதியைக் கொடுத்தன. மைக்ரோமேக்ஸ் 2008-ல் செல்போனுக்கு வந்தபோது கொண்டுவந்த முதல் செட்டின் பெருமையே 30 நாள் நிற்கும் பேட்டரிதான். கரண்ட் இல்லாத ஊருக்கு அதுதானே பெரிய வசதி.

அந்த நாட்களில் செல்போன் கடையில் விற்ற ஒரு சின்னப் பொருளை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு. ரெண்டு சிம்மையும் கத்தரியால் ஓரம் வெட்டி அதில் பொருத்தி, ஒரு மடிப்பு மடித்து, நோக்கியா செட்டுக்குள்ளேயே நுழைத்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் வேலை செய்யும், ஆனால் பேட்டரியைக் கழற்ற வேண்டாம். வெட்டும்போது கை தவறினால் சிம் காலி. அப்படியும் வாங்கினார்கள். நோக்கியாவை விட மனசில்லாதவர்கள், நோக்கியா தராத ஒன்றுக்காகத் தங்கள் சிம்மைக் கத்தரியில் வைத்தார்கள். ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் இதைவிடச் சத்தமாக எப்படிச் சொல்வது? பர்மா பஜாருக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர்தான்.

நோக்கியாவின் முதல் ரெட்டை சிம் அறிவிப்பு 2010-ல் வந்தது. அந்த சி1-00 மாடலில் சிம் வைக்க ரெண்டு இடம் உண்டு, ஆனால் ஒன்று விழித்திருந்தால் மற்றது தூங்கும். அந்த வெட்டுத் தகடு செய்த வேலையைத்தான் அதிகாரபூர்வமாகச் செய்தது என்று சொல்லலாம். ரெண்டும் ஒன்றாக விழித்திருக்கும் நோக்கியா செட்டுகள் நம் ஊர்க் கடைக்கு வந்து சேர 2011 ஆகிவிட்டது.

ஏன் இவ்வளவு தாமதம்? தெரியாமல் இல்லை. எந்த செல்போன் கடைக்காரரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஆனால் தெரிவது வேறு, உறைப்பது வேறு.

முதல் விஷயம், சந்தை பொங்கிக்கொண்டிருந்தது. 2009, 2010-ல் மாதத்துக்கு ஒரு கோடிக்கு மேல் புது இணைப்புகள் சேர்ந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் நழுவும் வியாபாரம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பத்துப் பேரில் ஆறு பேர் உன்னிடம் வந்த காலம் போய், இருபது பேரில் எட்டுப் பேர் வந்தால் உன் கல்லா நிறைந்துதான் இருக்கும். விற்பனை அறிக்கையில் ஆறு எட்டாகியிருக்கும். கைவிட்டுப் போன பன்னிரண்டு பேரும் அந்தத் தாளில் வர மாட்டார்கள். மந்தமான சந்தையில் வாடிக்கையாளர் போனால் உடனே வலிக்கும். வளரும் சந்தையில் அந்த வலி தெரியச் சில வருடம் ஆகும்.

ரெண்டாவது, அவர்களுக்கு வாடிக்கையாளர் யார் என்பதே ஊருக்கு ஊர் வேறு. ஐரோப்பாவில் பெரும்பாலும் போனைத் தொலைபேசி நிறுவனமே மொத்தமாக வாங்கி, தன் ஒப்பந்தத்தோடு சேர்த்துச் சலுகையில் கொடுக்கும். காசு போட்டு போனைக் கொடுத்தவன், அதில் போட்டிக் கம்பெனி சிம்முக்கும் இடம் விடச் சொல்வானா? இங்கே கதை தலைகீழ். போனைக் கடையில் முழுக் காசு கொடுத்து வாங்குகிறவர் தனி மனிதர். எந்த சிம் போடுவது என்பது அவர் இஷ்டம். உலகம் முழுக்க ஒரே மாதிரி யோசிக்கும் கம்பெனிக்கு, ஒரு ஊரின் அவசரத் தேவை இன்னொரு ஊரில் தலைவலியாகத் தெரிந்தால் முடிவெடுக்க நேரமாகும்.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். போட்டிப் பொருளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நோக்கியாதான் ஜெயிக்கும். பேசும் குரல் தெளிவு, உழைப்பு, சர்வீஸ் சென்டர், பழையதை விற்றால் கிடைக்கும் காசு, எல்லாவற்றிலும். பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தால், நாம் ஏன் தோற்கிறோம் என்று கடைசிவரை புரியாது. வாங்குகிறவர் அப்படிப் பட்டியல் போடுவதில்லை. அவருக்கு ஒரு தொல்லை இருக்கிறது, அது தீர வேண்டும். அதைத் தீர்க்காத செட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர் கணக்கில் அது ஆட்டத்திலேயே இல்லை. அந்தத் தொல்லையும் போனுக்குள் பிறந்தது இல்லை, ரீசார்ஜ் கடையில் பிறந்தது. போட்டியாளரின் போனைப் பிரித்துப் பார்த்தால் அது தெரியாது. வாங்குகிறவர் பர்ஸைப் பார்த்திருக்க வேண்டும்.

(நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். 2014-ல் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடப்பட்டதை ரெட்டை சிம் மேல் போட முடியாது. நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சிக்கியதால் கைமாறிய சொத்துகளில் அந்த ஆலை சேரவில்லை. அது தனிக் கதை, அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சோகக் கதை.)

சரி, விலைக்கு வருவோம். விலையால் வியாபாரம் போவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. போகும். ஆனால் வாடிக்கையாளர் வாயிலிருந்து "விலை ஜாஸ்தி" என்று வந்தால் அதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் மூஞ்சிக்கு நேரே குறை சொல்வது வழக்கமில்லை. ஜவுளிக் கடையில் முப்பது புடவையைப் பிரித்துக் காட்ட வைத்தபிறகு "கலெக்‌ஷன் நல்லா இல்ல" என்று எந்த அம்மா சொல்வார்? "இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வர்றோம்" என்பார். டைல்ஸ் கடையில் "வீட்ல கலந்துக்கிட்டு வர்றேன்." பில்டரிடம் "பட்ஜெட் கொஞ்சம் இடிக்குது சார்." இவையெல்லாம் மரியாதையான விடைபெறல்கள். உள்ளே இருக்கும் காரணம் வேறாக இருக்கும். விற்பனையாள் அலட்சியமாகப் பேசியிருக்கலாம். பார்க்கிங் இல்லாமல் இருந்திருக்கலாம். கொட்டேஷன் தருகிறேன் என்று சொல்லி நாலு நாள் கழித்து அனுப்பியிருக்கலாம், அதற்குள் அங்கே அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. விற்பனையாளுக்கும் "விலை" என்பதே சௌகரியம். தன் மேல் பழி வராத ஒரே காரணம் அது. முதலாளிக்கும் அப்படித்தான், விலையைக் குறைக்கும் போட்டியாளன் கெட்டவன் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று பேருக்கும் வசதியான பதில் என்பதாலேயே அதைச் சந்தேகப்பட வேண்டும்.

உண்மையிலேயே விலை காரணமாக இருந்த இடத்தில், பெரிய கம்பெனி அதை இழப்பாகவே பார்க்காமல் விட்டதும் உண்டு. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் சைக்கிளில் வீடு வீடாக நிர்மா விற்கத் தொடங்கியபோது கிலோ மூன்றரை ரூபாய். இந்துஸ்தான் லீவரின் சர்ஃப் 13 ரூபாய் வாக்கில். நிர்மா வாங்கியவர்களில் நிறையப் பேர் அதுவரை பவுடரே வாங்காமல், பார் சோப்பை வைத்துத் துணி துவைத்தவர்கள். சர்ஃபின் விற்பனைத் தாளில் அவர்கள் இருந்ததே இல்லை, எனவே நிர்மாவிடம் போனபோது எதுவும் குறையவும் இல்லை. நிர்மா நன்றாக வளர்ந்து நின்றபிறகு, 1980களின் கடைசியில்தான் லீவர் வீல் என்ற மலிவான பவுடரோடு அந்தப் பக்கம் வந்தது.

எதிர்த் திசையில் இருந்தும் ஒரு உதாரணம் சொல்கிறேன். ஷாம்பூவைச் சாஷேயில், அதாவது சின்னப் பாக்கெட்டில், அடைத்து விற்றவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாக வந்து சிக் ஷாம்பூ தொடங்கினார். அவருடைய ஒரு திட்டம், காலி சாஷே ஐந்து கொடுத்தால் ஒரு சிக் சாஷே இலவசம். எந்தக் கம்பெனிச் சாஷேயாக இருந்தாலும் சரி. இதை வெறும் இலவசம் என்று பார்த்தால் சாதாரணம். ஆனால் கடைக்காரர் கையில் சேர்ந்த அந்தக் காலிச் சாஷேக்கள் என்ன? தன்னிடம் வாங்காமல் வேறிடத்தில் வாங்கியவர்கள், கையில் அத்தாட்சியோடு வந்து நிற்கிறார்கள். என் கணக்கில் தலைப்பில்லை என்று சொன்னேனே, அந்தக் கணக்கை மனிதர் குப்பையில் இருந்து எடுத்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, சிக் சாஷேக்கு மட்டும்தான் சிக் என்று திட்டத்தை மாற்றிக்கொண்டார்.

போகிற எல்லா வியாபாரத்தையும் துரத்த வேண்டும் என்றும் இல்லை. பைப் கடைக்கு வரும் கான்ட்ராக்டர்களில் ஆறு மாதக் கடன் கேட்கிறவர்கள் உண்டு. எதிர்க்கடைக்காரன் கொடுக்கிறான் என்றால் தாராளமாகக் கொடுக்கட்டும். அந்த இழப்பை நான் லாபக் கணக்கில் எழுதச் சொல்வேன்.

பைப் கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றுதான். கல்லாவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைக்கட்டும். "இல்லை" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் பொருளின் பெயர், நேரம், யார் சொன்னார்கள் என்று எழுதட்டும், அவ்வளவுதான். முதலில் சிரித்தார். "இல்லாத சரக்குக்கு ஒரு ஸ்டாக் புக்கா சார்?" என்றார். பையன் ரெண்டு நாள் எழுதினான், மூன்று நாள் மறந்தான், திட்டு வாங்கியபிறகு மறுபடி எழுதினான். மார்ச்சுக்குள் பத்துப் பன்னிரண்டு பக்கம் நிறைந்தது.

படித்துப் பார்த்தபோது விலை பற்றி வந்தது நாலைந்து வரிதான். மீதி முழுக்க "இல்லை." அதிலும் ஒரு விசித்திரம் இருந்தது. முதலாளி சொன்ன "இல்லை"கள் கொஞ்சம், பையன் சொன்னவை ஏராளம். பெரும்பாலானவை முதலாளி பேங்குக்கோ சாப்பாட்டுக்கோ போன நேரத்தில் சொன்னவை. சில பொருள்கள் இந்த நோட்டிலும் இருந்தன, விற்பனைப் பில்லிலும் இருந்தன. காலையில் "இல்லை", சாயங்காலம் விற்ற பில்லில் அதே பொருள்.

வருடக் கடைசிக்குச் சரக்கு எண்ண மாடிக் குடோனுக்குப் போனோம். படிக்கட்டுத் திருப்பத்தில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், டேப் பிரிக்காத ஒரு அட்டைப்பெட்டி. முக்கால் இஞ்ச் சிபிவிசி யூனியன். முதலாளி, "இது எப்ப வந்துச்சு?" என்று என்னைப் பார்த்தார். கீழே வந்து கொள்முதல் கட்டைப் பிரித்துத் தேடினேன். அந்தப் பிளம்பர் பைக்கை அணைக்காமல் வந்து போன காலைக்கு இரண்டு வாரம் முந்தைய பில். அன்று நான் ஸ்டூலில் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருந்த கட்டில்தான் அதுவும் இருந்திருக்கிறது.